மேஜைக்குப் பின்னால் மாணவர், முன்னால் ஆசிரியர்!

"அம்மா, உனக்கு இதெல்லாம் புரியாது, இங்கே குடு!" என்று கைபேசியைப் பிடுங்கி, இரண்டு தட்டுத் தட்டித் திருப்பித் தருகிற பிள்ளை இல்லாத வீடு இன்று உண்டோ? காரியம் முடிந்துவிடும். அம்மாவுக்கு என்ன புரிந்தது? ஒன்றுமில்லை! மறுநாளும் அதே கதைதான்.

தனக்குத் தெரிந்ததைப் பெரியவர்களுக்கு விளங்கும்படி எடுத்துச் சொல்லப் பிள்ளைகளைப் பழக்குகிற இடங்களும் இருக்கின்றன. அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஒரு பெரிய மாநாடு நடக்கிறது. வகுப்பறையில் கம்ப்யூட்டரை எப்படிப் பயன்படுத்துவது என்பதுதான் அங்கே பேச்சு. 1979-ல் வேறு பெயரில் ஆரம்பித்த இந்த மாநாட்டுக்கு, அதை நடத்தும் 'இஸ்டே' என்ற சங்கத்தின் பெயரையே 2010-ல் சூட்டினார்கள். ஆசிரியர்கள், தலைமை ஆசிரியர்கள், கல்வி அதிகாரிகள் என்று ஆயிரக்கணக்கில் கூடுகிறார்கள்.

இத்தனை பெரிய மனிதர்கள் நடுவே மாணவர்களுக்கும் இடம் உண்டு. ஒரு மேஜை, அதன்மேல் கம்ப்யூட்டர், பின்னால் ஒரு விளக்க அட்டை, பக்கத்தில் நாலைந்து வாண்டுகள்! பெரியவர்கள் ஒவ்வொரு மேஜையாக வந்து நின்று கேட்கிறார்கள்.

நம் பள்ளி ஆண்டு விழாவில் மனப்பாடம் செய்ததை ஒப்பித்துவிட்டுக் கைதட்டலோடு இறங்கிவிடலாம். இங்கே அந்த ஜம்பம் பலிக்காது. வருகிற ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகக் கேட்பார்கள். "இதைச் செய்ய எத்தனை நாள் ஆயிற்று? வேறு வழியில் செய்து பார்த்தாயா?" விஷயம் புரிந்த பிள்ளைதான் தாக்குப் பிடிக்கும்.

இதற்கெல்லாம் முன்னோடியாக ஒரு முயற்சி 1996-ல், வாஷிங்டன் மாநிலத்து ஒலிம்பியா நகரில் தொடங்கியது. டென்னிஸ் ஹார்ப்பர் என்பவர் கொண்டுவந்த திட்டம். ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்துவதோடு நிற்காமல், மாணவர்களுக்குக் கம்ப்யூட்டரைக் கற்றுக் கொடுத்து, ஒவ்வொருவரையும் ஓர் ஆசிரியரோடு ஜோடி சேர்த்தார்கள். பாடம் ஆசிரியருடையது, கம்ப்யூட்டர் உதவி மாணவனுடையது.

இதில் நம் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு, தெரியுமா? 1789-லிருந்து 1796 வரை எழும்பூர் அநாதை விடுதிப் பள்ளியைக் கவனித்துவந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். தம் பள்ளியிலும் அப்படிச் செய்யச் சொன்னபோது ஆசிரியர்கள் 'முடியாது' என்றார்கள். எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் அந்த வகுப்பை ஒப்படைத்தார். பையன் ஜமாய்த்துவிட்டான்! 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது சீமை முழுக்கப் பரவியது. நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளைக்கு இது ஒன்றும் புதுசல்ல என்பீர்கள். வாஸ்தவம்தான்!

கற்பிக்கும் பிள்ளைக்கு என்ன லாபம்? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 2009-ல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றில், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளில் ஒரு பகுதியினரைத் தங்களுக்காகவும், மற்றவர்களைக் கம்ப்யூட்டரில் உள்ள ஒரு பொம்மைப் பாத்திரத்துக்குக் கற்பிப்பதற்காகவும் படிக்கச் சொன்னார்கள். கற்பிக்கப் படித்தவர்களே அதிக நேரம் படித்தார்கள், அதிகம் கற்றார்கள். படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளிடம்தான் அந்தப் பலன் தூக்கலாகத் தெரிந்ததாம். 'மக்கு' என்று நாம் ஒதுக்குகிற பிள்ளையைத்தான் முதலில் வாத்தியாராக்க வேண்டும் போலிருக்கிறது!

ஆனால் ஒன்று. பிள்ளையை மேடையேற்றி, "அடேயப்பா, என்ன சமர்த்து!" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போவதில் பிரயோசனமில்லை. கேட்பவர்கள் நிஜமாகவே கற்றுக்கொள்ள வர வேண்டும். அலங்காரத்துக்கு மட்டும் மாணவர்களை அழைத்துவரும் மாநாட்டைவிட, நம் வீட்டுச் சமையலறையே மேல் என்பது என் அபிப்பிராயம்.

அங்கே ஒரே ஒரு நிபந்தனை போடுங்கள்: வாத்தியார் கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும்! கைபேசி உங்கள் கையில், தட்டுவதும் நீங்களே. அவன் வாயால் மட்டும் சொல்லட்டும். "இதை அமுக்கு" என்றால் "ஏன்?" என்று விடாமல் கேளுங்கள். முதல் பாடமாக மின்சாரக் கட்டணம் செலுத்துவதை எடுத்துக் கொள்ளலாம். நடுவில் ரகசிய எண் வரும். "இதை யாரிடமும் சொல்லக் கூடாதாமே, பாங்கிலிருந்து பேசுகிறேன் என்று ஒருவர் கேட்டால்?" என்று கேட்டுப் பாருங்கள். வாத்தியார் திருதிருவென்று விழித்தால், அந்தப் பாடத்தை மட்டும் நீங்கள் எடுங்கள்.