அழுத்திப் பொருத்திய சக்கரம்

மாட்டுவண்டிச் சக்கரத்தில் கொல்லர் காய்ச்சி ஏற்றும் இரும்புப் பட்டை, குளிர்ந்து சுருங்கி மரத்தை இறுகப் பற்றுவதை யாவரும் அறிவர். ரயில் சக்கரமும் அச்சும் இறுக்கத்தாலேயே இணைகின்றன. 1984-இல் தொடங்கப்பெற்ற எலகங்கா தொழிற்சாலையில், துளையினும் மயிரிழை பருத்த அச்சு, அழுத்த எந்திரத்தால் உட்செலுத்தப்படுகிறது.

இதனைக் கணிப்பொறியில் ஆராய்வோர் இரு பொருள்களையும் சிறு கூறுகளாகப் பகுத்து, முதலில் அவை ஒன்றனுள் ஒன்று புதைந்திருப்பதாகக் கொள்வர். ஒரு பரப்பு மற்றொன்றை ஊடுருவலாகாது என நிபந்தனை விதித்ததும், சக்கரம் விரிந்தும் அச்சு ஒடுங்கியும் சமநிலை எய்தும். தொடுபரப்பின் அழுத்தம் வெளிப்படும்.

அவ்வழுத்தம் துளையின் விளிம்பில் உச்சமடைவதால், அங்குக் கூறுகள் மிக நுண்ணியவாக இருத்தல் வேண்டும். ஓடும் வண்டியின் அச்சில் வெடிப்பு தொடங்கக்கூடிய இடமும் அதுவே. இறுக்கம் குறையின் சக்கரம் நழுவும். மிகின் உலோகம் மீளாது நெகிழும். ஆதலின் இக்கணக்கின் பிழை பயணிகளின் உயிரைத் தொடும்.