புல்லட்டின் மஞ்சள் ஸ்பார்க்

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பாயிண்ட் வைத்த பழைய 350 புல்லட். காலையில் இரண்டு கிக்கில் கிளம்பிவிடுகிறது. கொஞ்ச தூரம் ஓடிச் சூடானதும் திணறி நின்றுவிடுகிறது. பிளக்கைக் கழற்றி எர்த் கொடுத்துப் பார்த்தால் ஸ்பார்க் மஞ்சளாக, மெலிந்து வருகிறது. பிளக் மாற்றியாயிற்று. ‘40,000 வோல்ட்’ என்று அட்டையில் அச்சிட்ட காயிலும் மாட்டியாயிற்று. நிலைமை மாறவில்லை. அடுத்து இரிடியம் பிளக் வாங்கலாமா?

வேண்டாம். அந்த 40,000 என்ற எண்ணையும் நம்ப வேண்டாம். காயிலில் மின்னழுத்தம் ஏறிக்கொண்டே போகும். பிளக்கின் இடைவெளியைத் தாண்டப் போதுமான அளவை எட்டிய கணமே ஸ்பார்க் பாய்ந்து, அழுத்தம் சரிந்துவிடும். 10,000 வோல்ட்டில் தாண்டும் பிளக்கில் 40,000 வர வழியே இல்லை. இரிடியம் பிளக்கின் முனை மெல்லியது. அதனால் சற்றுக் குறைந்த வோல்ட்டில் தாண்டும், நிறைய நாள் உழைக்கும். அவ்வளவுதான். ஸ்பார்க் வந்து குதிக்கும் இடம் பிளக். அதற்கான சக்தியைச் சேர்த்து அனுப்புவது வேறு இடம்.

அந்த வேறு இடத்தில்தான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் நடக்கிறது. பாயிண்ட் என்பது எஞ்சின் சுழலச் சுழல மூடித் திறக்கும் சுவிட்ச். அது மூடியிருக்கும்போது காயிலின் பிரைமரியில் 4 ஆம்பியர் அளவுக்கு மின்னோட்டம் ஓடுகிறது. பாயிண்ட் திறந்ததும் மின்னோட்டம் நிற்க, காந்தப்புலம் சரிய, செகண்டரியில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழுகிறது. இது பள்ளிப்பாடம். பாடம் அழுத்திச் சொல்லாத ஒன்று உண்டு. மின்னோட்டம் நின்றால் மட்டும் போதாது, சட்டென்று நிற்க வேண்டும். காயிலோ லேசில் நிற்க விடாது. பாயிண்ட் தலைமுடி அகலம்கூடத் திறக்காத நிலையிலேயே, அந்த இடுக்கைப் பொறியாகத் தாண்டி ஓட்டத்தைத் தொடரப் பார்க்கும். தொடர்ந்தால், சேர்த்த சக்தியில் பெரும்பங்கு பாயிண்டிலேயே எரிந்து தீரும். பிளக்குக்குப் போவது மிச்சம்தான்.

இதைத் தடுக்கத்தான் பாயிண்டுக்கு இணையாக, விரல்நுனி அளவில் ஓர் உலோக டப்பா இருக்கிறது. கண்டன்சர். உள்ளே உலோகப் படலமும் காப்புத் தாளும் சேர்த்துச் சுருட்டியிருப்பார்கள். கொள்ளளவு சுமார் 0.2 மைக்ரோஃபாரட்.

கல்யாண மண்டபத்தில் பந்திக்கு முந்தும் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக் கூடத்தின் கதவை மூடுகிறார்கள். ஓடிவந்த வேகத்தில் கூட்டம் நிற்காது. மூடும் இடுக்கில் தோளை நுழைத்து, கதவைப் பெயர்த்துக்கொண்டு உள்ளே போகும். பக்கத்தில் காத்திருக்க ஓர் அறை இருந்தால் கூட்டம் அதற்குள் திரும்பும். அது நிறைவதற்குள் கதவைச் சாத்திவிடலாம். கதவைச் சாத்துவதுதான் பாயிண்ட் திறப்பது; அந்த அறைதான் கண்டன்சர். அறை மிகச் சிறியதென்றால் நிரம்பி வழிந்து கூட்டம் மறுபடி கதவுக்கே வரும், பாயிண்ட் கருகும். அறை மிகப் பெரியதென்றால் எல்லாரும் சாவகாசமாகப் போய் உட்காருவார்கள்; சட்டென்று நின்ற அதிர்வே இருக்காது, ஸ்பார்க் மெலியும். அறையின் வாசல் இறுகிக் கிடந்தால் அறை இருந்தும் பயனில்லை. பின்சுவரில் ஓட்டை விழுந்திருந்தால், கூட்டம் நிற்காமல் அதன் வழியே போய்க்கொண்டேயிருக்கும். வாசகரின் கண்டன்சருக்கு இந்த ஓட்டைதான் விழுந்திருக்கிறது என்று நினைக்கிறேன். பழைய காப்புத் தாள் சூடேறும்போதுதான் அதிகமாகக் கசியும். காலையில் நல்ல பிள்ளையாக இருக்கும் வண்டி வழியில் நிற்பதற்கு இது பொருந்திவருகிறது.

கணக்காகவும் பார்க்கலாம். 4 ஆம்பியர் 0.2 மைக்ரோஃபாரடுக்குள் பாய்ந்தால் மின்னழுத்தம் மைக்ரோ வினாடிக்கு 20 வோல்ட் வீதம் ஏறும். ஒரேயடியாகச் சில நூறு வோல்ட் எகிறுவதற்குப் பதில் இப்படிப் படிப்படியாக ஏறுவதால், விலகும் பாயிண்டில் பொறி நிலைகொள்ள முடிவதில்லை. ஆனாலும் வினாடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்குள் மின்னோட்டம் முழுக்க நின்றுவிடுகிறது. இவ்வளவு நேர்த்தியான வேலையை இவ்வளவு சின்னப் பொருள் செய்வது எனக்கு இன்றும் வியப்புதான்.

வரலாறு கேட்பவர்களுக்கு: காயிலின் மூதாதையான தூண்டு சுருளோடு கண்டன்சரைச் சேர்த்தவர் பிரெஞ்சு இயற்பியலர் ஃபிசோ, 1853ல். பேட்டரி, பாயிண்ட், காயில் அமைப்பைக் காருக்கு ஏற்றபடி செய்தவர் அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங், 1910 வாக்கில். திருவொற்றியூரில் தயாரான புல்லட்டுகள் பல பத்தாண்டுகள் ஓடியதும் அதே தத்துவத்தில்தான்.

கண்டன்சரை மட்டும் குற்றம் சொல்லவும் கூடாது. காயிலில் சேரும் சக்தி மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. 3 ஓம் காயில், 12 வோல்ட் பேட்டரி என்றால் 4 ஆம்பியர். சுவிட்சிலோ, பாயிண்டின் முகத்திலோ களிம்பேறி 1 ஓம் தடை கூடினால் 3 ஆம்பியர். சக்தி கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். 6 வோல்ட் வண்டியில் ஒன்றரை ஓம் காயிலோடு அதே 1 ஓம் கூடினால் மூன்றில் ஒரு பங்குதான் தேறும். பழைய 6 வோல்ட் வண்டிகளைக் கோளாறு பிடித்தவை என்று திட்டுகிறவர்கள் முதலில் ஒயர் முனைகளைச் சுரண்டிப் பார்க்க வேண்டும்.

இதைச் சோதிக்கும் கருவி புல்லட்டின் ஹெட்லைட் மேலேயே இருக்கிறது. சாவியைப் போட்டு, டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை மெல்ல அழுத்துங்கள். பாயிண்ட் மூடும்போது ஆம்ப் மீட்டரின் முள் இடப்பக்கம் சாயும், திறக்கும்போது நடுவுக்கு வரும். முள் அசையவேயில்லை என்றால் பாயிண்டில் அழுக்கு, அல்லது எங்கோ ஒயர் விட்டிருக்கிறது. சாய்ந்தபடியே நின்றால் கண்டன்சர் ஷார்ட், அல்லது பாயிண்ட் திறக்கவில்லை. பிறகு பீலர் கேஜால் பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா பாருங்கள். கூடினால் காயிலில் சக்தி சேர நேரம் போதாது, குறைந்தால் பொறி தாண்டும். அந்தி மங்கிய பின் பாயிண்டின் மூடியைக் கழற்றி, வண்டியை ஐடிலில் ஓடவிட்டுப் பாயிண்டைக் கவனியுங்கள். மெல்லிய நீலச் சிமிட்டல் இயல்பு. பளீரென்று வெள்ளையும் மஞ்சளுமாகப் பொறி கொட்டினால் கண்டன்சர் போய்விட்டது.

ஓர் எச்சரிக்கை. வெளியே எர்த் கொடுத்துப் பார்க்கும் ஸ்பார்க் முழுச் சாட்சி ஆகாது. சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட காற்றைத் தாண்ட, வெளிக்காற்றைப் போலப் பல மடங்கு வோல்ட் வேண்டும். வெளியே தட்டுத்தடுமாறி வரும் ஸ்பார்க் உள்ளே வராமலே போகலாம். அந்தச் சோதனையின்போது பக்கத்தில் பெட்ரோல் சிந்தியிருக்கக் கூடாது என்பதையும் மறக்காதீர்கள்.

ஆக, வாசகருக்கு என் பதில் இது. பழைய கண்டன்சரின் ஒயரைக் கழற்றிவிட்டு, புதியது ஒன்றை வெளியிலேயே தற்காலிகமாகக் கட்டுங்கள். அதன் ஒயர் பாயிண்டுக்கு, உடல் எர்த்துக்கு. வண்டியைச் சூடாகும்வரை ஓட்டிப் பாருங்கள். ஸ்பார்க் நீலமாகி, வண்டியும் நிற்காமல் ஓடினால் புதியதை உள்ளே பொருத்திவிடலாம். நீலமான பின்னும் வண்டி நின்றால் இக்னிஷனை விட்டுவிட்டு, பெட்ரோல் டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.