டிராக்டர் டிரெய்லரின் சக்கர பேரிங்குகளை எத்தனை மாதங்களுக்கு ஒருமுறை பராமரிக்க வேண்டும்?

மகாராஷ்டிரம், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் கரும்பு அரைவைப் பருவம் அக்டோபர், நவம்பர் மாதங்களில் தொடங்குகிறது. மழைக்காலம் முழுவதும் நின்றிருந்த டிராக்டர் டிரெய்லர்கள், பல டன் கரும்புடன் ஆலைகளை நோக்கிப் புறப்படுகின்றன. அந்தச் சுமையைத் தாங்கிச் சுழல்பவை சக்கர பேரிங்குகளே.

இவற்றை ஆண்டுக்கு ஒருமுறை அல்லது சுமார் 16,000 முதல் 20,000 கி.மீ. ஓட்டத்துக்கு ஒருமுறை, எது முந்துகிறதோ அதன்படி கழற்றிப் பராமரிக்க வேண்டும் என்பது பொதுவான வழிகாட்டுதல்.

குறைவாக ஓடிய வண்டிக்கு இது தேவையில்லை என்று கருதுவது தவறு. வண்டி நின்றிருக்கும்போதும் தேய்ந்த சீல் வழியாக ஈரம் உட்புகுந்து, உருளைகளில் துருவை ஏற்படுத்தும். சக்கரம் நீரில் மூழ்கியிருந்தால், உடனடியாகப் பரிசோதிப்பது அவசியம்.

ஓட்டத்துக்குப் பின் ஒரு சக்கரத்தின் ஹப் மட்டும் அதிகமாகச் சூடாவது, சக்கரத்தை உயர்த்திச் சுழற்றும்போது கரகரப்பு ஒலி கேட்பது, அசைத்தால் ஆட்டம் தெரிவது ஆகியவை பழுதின் அறிகுறிகள்.

பராமரிப்பின்போது பழைய கிரீஸை முழுமையாக அகற்ற வேண்டும். வெவ்வேறு வகை கிரீஸ்களைக் கலக்கக் கூடாது. சீலையும் ஸ்பிளிட் பின்னையும் புதிதாகப் பொருத்த வேண்டும். குழி விழுந்த பேரிங்கை அதன் வெளிவளையத்துடன் சேர்த்து மாற்ற வேண்டும். நட்டை அளவுக்கு மீறி இறுக்கினாலும் பேரிங் சூடேறிப் பழுதாகும்.

பேரிங் உடைந்தால் ஓடும்போதே சக்கரம் கழன்று, சுமையுடன் டிரெய்லர் கவிழக்கூடும். இதனால் பின்னால் வருவோரின் உயிருக்கும் ஆபத்து நேரிடும். எனவே, முதல் சுமையை ஏற்றும் முன்பே இப்பணியை முடிப்பது பாதுகாப்பானது.