பேஸ்பால்: வர்ற பந்தையெல்லாம் அடிச்சா ஏன் அவுட்? கிரிக்கெட் பசங்க தெரிஞ்சுக்க வேண்டிய கணக்கு

செங்கல்பட்டு மைதானங்களிலும் மாமல்லபுரம் கடற்கரையிலும் டென்னிஸ் பால் கிரிக்கெட் ஆடி வளரும் பசங்களுக்கு பந்தை அடிப்பது புதுசு இல்லை. ஆனால் அவர்களே பேஸ்பால் பேட்டைப் பிடித்தால் முதலில் தடுமாறுவது சகஜம். நாலு முறை ஸ்ட்ரைக் அவுட் ஆனதும் 'நமக்கு இது வராது' என்று ஒதுங்கிவிடுவதும் உண்டு. உண்மையில் குறை திறமையில் இல்லை, பழக்கத்தில்தான்.

2023 அக்டோபரில் மும்பையில் நடந்த சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி கூட்டத்தில்தான் கிரிக்கெட், பேஸ்பால் இரண்டுமே 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டன. எனவே இந்த வித்தியாசத்தை இப்போதே புரிந்துகொள்வது நல்லது.

*என்ன வித்தியாசம்?*

குறைந்த ஓவர் கிரிக்கெட்டில் டாட் பால் என்றாலே நஷ்டம். அதனால் எதையாவது சுற்றிவிடத் தோன்றும். பேஸ்பாலில் அப்படி இல்லை. ஹோம் பிளேட்டின் அகலம் 17 அங்குலம். அதற்கு மேலே, முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் இடைப்பட்ட பகுதிதான் 'ஸ்ட்ரைக் ஜோன்'. அதில் வரும் பந்தை விட்டால் ஸ்ட்ரைக். வெளியே போகும் பந்தை விட்டால் 'பால்'. மூன்று ஸ்ட்ரைக் வந்தால் அவுட். நான்கு 'பால்' வந்தால் அடிக்காமலேயே முதல் பேஸுக்கு நடந்து போகலாம்.

கவனிக்க வேண்டியது இதுதான்: வெளியே போகும் பந்தைச் சுற்றித் தவறவிட்டாலும் ஸ்ட்ரைக்தான். அதாவது பிட்சரின் மோசமான பந்தை நாமே நல்ல பந்தாக மாற்றிக் கொடுக்கிறோம்.

*யோசிக்க நேரம் இருக்கா?*

ரொம்பக் குறைவு. 12 வயதுக்குட்பட்டோருக்கான லிட்டில் லீக் ஆட்டத்தில் பிட்சர் நிற்கும் தூரம் 46 அடி, அதாவது சுமார் 14 மீட்டர். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் எறிந்தால் அரை நொடியில் பந்து வந்துவிடும். அதனால் எந்த இடத்தில் வந்தால் அடிப்பது என்பதை பந்து கிளம்பும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். கோவளத்தில் சர்ஃபிங் செய்பவர்கள் எல்லா அலையிலும் ஏறுவதில்லையே, அதே மாதிரிதான்.

*கவுன்ட்டைப் பார்த்து ஆடுவது எப்படி?*

இரண்டு 'பால்', ஸ்ட்ரைக் எதுவும் இல்லை என்றால் நெருக்கடி பிட்சருக்குத்தான். நமக்குப் பிடித்த இடத்தில் வந்தால் மட்டும் முழு வேகத்தில் அடிக்கலாம். இரண்டு ஸ்ட்ரைக் விழுந்துவிட்டால் கணக்கு மாறும். பேட்டைக் கொஞ்சம் மேலே பிடித்து, ஸ்விங்கைச் சுருக்கி, ஜோனுக்கு அருகில் வருவதையெல்லாம் தொட வேண்டும். அப்போது ஃபவுல் போனாலும் பரவாயில்லை. பந்த் அல்லாத சாதாரண ஃபவுல் மூன்றாவது ஸ்ட்ரைக்காக எண்ணப்படாது.

*ஜாம்பவான் என்ன செய்தார்?*

1941 சீசனில் 0.406 சராசரி வைத்தவர் அமெரிக்காவின் டெட் வில்லியம்ஸ். தன் புத்தகத்தில் ஸ்ட்ரைக் ஜோனை 77 பந்துகளாகப் பிரித்துக் காட்டினார். நடுவில் வந்தால் தன்னால் 0.400 அடிக்க முடியும், வெளிப்பக்கம் தாழ்வாக வந்தால் 0.230 தான் என்பது அவர் கணிப்பு. அவ்வளவு பெரிய ஆட்டக்காரரே பத்துக்கு ஆறு முறை தோற்றிருக்கிறார். பத்துக்கு மூன்று அடித்தாலே நல்ல பேட்டர்!

*பயிற்சி எப்படி?*

முதலில் பேட்டைச் சுற்றவே வேண்டாம். ஹெல்மெட் போட்டு நின்று, டென்னிஸ் பந்து பாதி தூரம் வருவதற்குள் 'அடி' அல்லது 'விடு' என்று சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள். கண் பழகிய பிறகு பேட்டைச் சுற்றலாம். பயிற்சியாளர்கள் அடித்ததை மட்டுமல்ல, சரியாக விட்ட பந்துகளையும் குறித்து வைக்கலாம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: வெளியே நின்று 'அடிடா, அடிடா' என்று கத்தாதீர்கள். பையனோ பொண்ணோ மோசமான பந்தை விட்டால், அதற்கும் ஒரு கைதட்டல் கொடுங்கள்.