விசிறிக்கு ஒரு விசை, விளக்குக்கு ஒரு விசை

ஆண்டிபட்டி, சக்கம்பட்டிப் பக்கத்து நெசவாளர் வீடுகளில் தறியறை குறுகியது. கூரையில் இருப்பதோ ஒரே கொக்கி. ஆகவே விளக்கோடு கூடிய மின்விசிறியை வாங்கி அதிலேயே மாட்டிவிடுகின்றனர். சுவரில் ஒரே ஸ்விச்சு. போட்டால் விளக்கும் எரியும், விசிறியும் சுழலும். கஞ்சியிட்ட பாவு காற்றில் வறண்டால் இழை அறும் என்பது தறிக்காரருக்குத் தெரியும். அறுந்த இழையை முடியவோ வெளிச்சம் வேண்டும். போடிநாயக்கனூரில் ஏலக்காய் தரம் பிரிப்போருக்கும் இதே சங்கடந்தான். காற்றில் சருகு பறந்து தட்டு முழுதும் கலந்துவிடுகிறது.

இதற்குப் பரிகாரம் எளிது. பலகைக்கு வரும் மின்னேறு கம்பி ஸ்விச்சின் ஒரு முனையில் சேர்கிறது. மறு முனையிலிருந்து ஒரு கம்பி கூரைக்குப் போகிறது. அங்கே விசிறிக் கம்பியும் விளக்குக் கம்பியும் அதனோடு முறுக்கப்பட்டிருக்கும். அம்முறுக்கைப் பிரிக்கவேண்டும். பலகையில் இரண்டாவது ஸ்விச்சு வைத்து, முதல் ஸ்விச்சின் மின்னேறு முனையிலிருந்து அதற்கு ஒரு சிறு இணைப்புக் கம்பி கொடுத்து, அதன் மறு முனையிலிருந்து புதிய கம்பியொன்றைக் குழாய் வழியே இழுத்து விளக்கோடு சேர்க்கவேண்டும். 1 அல்லது 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போதும். நியூட்ரல் கம்பி இரண்டுக்கும் பொதுவாகவே இருக்கலாம்.

சிலர் சிக்கனம் கருதி, ரெகுலேட்டருக்கு அப்பாலுள்ள கம்பியிலிருந்து விளக்குக்கு இணைப்பு எடுக்கின்றனர். விசிறியின் வேகத்தைக் குறைக்கும்போது எல்.ஈ.டி. விளக்கு துடிக்கும்; விரைவில் கெடும். இன்வர்ட்டர் உள்ள வீடுகளில் வேறொரு கவனமும் தேவை. விசிறி ஒரு வழியிலும் விளக்கு இன்வர்ட்டர் வழியிலும் இருக்குமானால் இரண்டுக்கும் ஒரே நியூட்ரல் கூடாது. அவரவர் வழியின் நியூட்ரலே வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய பிழை ஸ்விச்சை நியூட்ரல் கம்பியில் வைப்பது. நாம் ஓர் அன்பர் வீட்டில் இதைக் கண்டோம். ஸ்விச்சை அணைத்தால் விளக்கும் அணைந்தது. ஆயினும் விளக்கு முனையில் 230 வோல்ட் நின்றுகொண்டேயிருந்தது. அணைத்துவிட்டோமென நம்பிப் பல்பை மாற்றுபவன் கதி என்ன? அதிலும் குழித்தறியில் கால்கள் ஈரமண்ணில் படிந்திருக்கும். மின்சாரம் உடல்வழியே நிலத்துக்குச் செல்ல அதைவிட நல்ல பாதை வேண்டியதில்லை. ஆதலின் பச்சைநிற எர்த் கம்பியை விசிறியின் உலோகப் பகுதியோடு சேர்க்காமல் விடலாகாது. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவியும் தறியறைக்கு மிகவும் ஏற்றது.

1958-இல் லோயர் கேம்ப்பில் பெரியாறு மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களுக்குப் பாயும் அதே நீர்தான் அங்கே சக்கரத்தைச் சுழற்றுகிறது. அத்தகைய ஆற்றலைக் கையாளும் வேலையை உரிமம் பெற்ற மின்கம்பியாளரிடமே ஒப்படைக்கவேண்டும். அவர் ஏணியில் ஏறுமுன் மெயினை அணைத்து, ஃபீஸ் கட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்கிறாரா என்று பார்த்துக்கொள்வது வீட்டுக்காரர் கடமை. டெஸ்டரை முதலில் மின்சாரமுள்ள இடத்தில் வைத்துச் சோதித்த பிறகே கம்பியில் வைக்கவேண்டும். பழுதான டெஸ்டர் எரியாதிருப்பதைக் கண்டு ஏமாறலாகாது.

குழாயில் புதுக் கம்பி நுழைய இடமில்லாத பழைய வீடாயின், சுவரை உடைக்கவேண்டாம். விசிறியில் கயிறு இழுத்து அணைக்கும் ஸ்விச்சு பொருத்தினால் போதும். கயிறு பாவின் மேல் தொங்காதபடி ஒதுக்கிக் கட்டிக்கொள்க.