பழைய காருக்குப் பின்னால் அடி விழுந்தால்: பட்டறைக்குப் போகுமுன் பார்க்க வேண்டிய கணக்கு

அடக்க விலை தெரியாமல் சரக்கு விற்கிற வணிகர் நம்மில் யாரும் இல்லை. ஆனால் வீட்டு வாசலில் நிற்கும் பழைய காருக்குப் பாலிசியில் என்ன மதிப்பு போட்டிருக்கிறது என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியாது. பின்னால் ஒரு வண்டி வந்து மோதிய பிறகுதான் அந்தக் காகிதத்தைத் தேடி எடுக்கிறோம்.

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிகளில் அப்பா காலத்து அம்பாசடரையோ பத்மினியையோ விடாமல் வைத்திருக்கும் வணிகக் குடும்பங்கள் உண்டு. சென்னையை அடுத்த வண்டலூர்ப் பகுதியில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டை வைத்திருப்போரும் உண்டு. ஸ்டாண்டர்டு கார் உற்பத்தி 1980களின் இறுதியில் நின்றது. அம்பாசடர் 2014-இல் நின்றது. பத்மினி அதற்குப் பல ஆண்டுகள் முன்பே நின்றுவிட்டது. இந்த வண்டிகள் போனால் அதே வண்டி கம்பெனியிலிருந்து திரும்ப வராது. எனவே பின்பக்கம் அடிபட்டால் நிதானமாகச் செயல்பட வேண்டும்.

மோதிய இடத்தில்

இந்தக் கார்களில் பெட்ரோல் டாங்க் பின்பகுதியில்தான் இருக்கிறது. பெட்ரோல் வாடை வந்தால் எஞ்சினை நிறுத்திவிட்டு எல்லோரும் இறங்கிவிட வேண்டும். திரும்ப ஸ்டார்ட் செய்து பார்க்கக் கூடாது. பழைய இருக்கைகளில் பெரும்பாலும் தலைக்குத் தாங்கல் கிடையாது. கழுத்து வலி மறுநாள் காலையில் தெரியலாம். டாக்டரிடம் காட்டிச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வண்டிகளின் எண்ணும் தெரியும்படி புகைப்படம் எடுங்கள். மோதியவருடைய பாலிசி விவரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நடுத்தெருவிலேயே ஏதோ ஒரு தொகையை வாங்கிக்கொண்டு “இனி கோரிக்கை இல்லை” என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். பம்பரில் தெரிவது பாதி அடிதான்; மீதி டிக்கித் தரைக்குக் கீழே இருக்கும். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது பெறுவது நல்லது.

“பின்னால் வந்தவன்தான் குற்றவாளி” என்பது நம் ஊர் வழக்கு. முன்னே போகும் வண்டிக்குப் போதிய இடைவெளி விட வேண்டும் என்பது சாலை விதிதான். ஆனால் முன்னே போகிறவருக்கும் கடமை உண்டு. 2017-இல் கோவையில் சைகை காட்டாமல் திடீரென நின்ற காரில் ஒரு மோட்டார் சைக்கிள் மோதிய வழக்கில், கார் ஓட்டியவர் மீது 50 சதவீதப் பொறுப்பை உச்ச நீதிமன்றம் 2025-இல் சுமத்தியது. பிரேக் விளக்கு எரியாத பழைய காரை ஓட்டுகிறவர் இதை மனத்தில் கொள்ள வேண்டும். இரண்டு பல்புகளின் செலவைப் பார்த்து நஷ்ட ஈட்டில் பங்கு இழக்கலாமா?

பாலிசி சொல்வது என்ன?

பழைய வண்டிதானே என்று மூன்றாம் நபர் பாலிசி மட்டும் எடுத்தவர்கள் உண்டு. அவர்களுக்குத் தம் நிறுவனத்திலிருந்து சொந்த வண்டிச் சேதத்துக்குப் பணம் வராது. மோதியவரிடமும் அவருடைய இன்சூரன்ஸ் நிறுவனத்திடமும்தான் கோர வேண்டும். இணக்கம் ஏற்படாவிட்டால் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்றம் இந்தப் பணியைச் செய்கிறது. விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்பது 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதி.

முழுப் பாலிசி வைத்திருப்பவர் இரண்டு கணக்குகளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது தேய்மானம். 10 ஆண்டைத் தாண்டிய வண்டியில் மாற்றும் உலோகப் பாகங்களுக்கு 50 சதவீதம் கழிக்கப்படும். ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு எந்த வயது வண்டியானாலும் 50 சதவீதம். கண்ணாடிக்குக் கழிவு இல்லை. கூலிக்கும் தேய்மானம் இல்லை. ஆகவே உலோகப் பாகம் 20,000 ரூபாய், டிங்கர் கூலி 15,000 ரூபாய் என்று பில் வந்தால், பாகத்துக்குப் பாதியாகிய 10,000 ரூபாயும் கூலி 15,000 ரூபாயும் சேர்ந்து 25,000 ரூபாய்தான் கணக்கில் வரும். அதிலும் பாலிசிப்படி நாம் ஏற்க வேண்டிய தொகை கழியும். தகட்டை மாற்றுவதைவிடத் தட்டி நிமிர்த்துவது பல சமயம் நமக்கு லாபம் என்பது இதிலிருந்து விளங்கும்.

இரண்டாவது, ‘ஐ.டி.வி.’ என்று பாலிசியில் குறிக்கும் மதிப்பு. பழுதுச் செலவு இந்த மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டி ‘முழு நஷ்டம்’ என்று கொள்ளப்படும். பிரீமியம் குறைய வேண்டும் என்று 40,000 ரூபாய் மதிப்பு போட்டிருந்தால், 30,000 ரூபாய்க்கு மேல் பில் வந்ததுமே வண்டி அந்த வரம்பைத் தாண்டிவிடும். எஞ்சின் நன்றாக இருந்தாலும் விதி அதுதான். அப்படி வந்தால் உடனே சம்மதித்துவிட வேண்டாம். சிதைந்த வண்டியின் மதிப்பைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்து, வண்டியை நம்மிடமே விடும் வழியும் உண்டா என்று எழுத்து மூலம் கேளுங்கள்.

5 ஆண்டைத் தாண்டிய வண்டிக்கு மதிப்பை நிறுவனமும் நாமும் பேசித்தான் முடிவு செய்கிறோம். பேரம் பேசத் தெரிந்த நாம் இங்கே மட்டும் ஏஜெண்டு எழுதியதில் கையெழுத்துப் போடுவானேன்?

பட்டறையில் கவனிக்க வேண்டியவை

சர்வேயர் பார்க்கும் முன் எதையும் கழற்ற விடாதீர்கள். கழற்றிய பழைய பாகங்களையும் கணக்குத் தீரும் வரை பத்திரப்படுத்துங்கள்.

ஹெரால்டு காருக்குத் தனிச் சேசிஸ் உண்டு. பாடிப் பகுதிகள் போல்ட்டு போட்டு மாட்டப்பட்டவை. அடிபட்ட பகுதியைக் கழற்றி வேலை பார்க்கலாம். ஆனால் சேசிஸ் வளைந்திருக்கிறதா என்று முதலில் பார்த்தாக வேண்டும். அம்பாசடரும் பத்மினியும் பாடியே சேசிஸாக அமைந்தவை. டிக்கி உள்ளே அமுங்கினால் அந்த அடி பின்கதவுத் தூண் வரை போயிருக்கலாம். கதவு இடுக்கு இரு பக்கமும் சமமாக இருக்கிறதா, ஸ்பிரிங் பட்டை மாட்டும் இடம் நகர்ந்திருக்கிறதா, டிக்கித் திறப்பின் மூலைக்கு மூலை அளவு ஒத்து வருகிறதா என்று டேப் வைத்து அளக்கச் சொல்லுங்கள். அடிப்பகுதி நேரான பிறகுதான் மேல் தகடு. இந்த வரிசை மாறினால் பெயின்ட் அடித்த பிறகும் கதவு சரியாக மூடாது.

வெல்டிங்கிற்கு முன் பெட்ரோல் டாங்கைக் கழற்றி அப்புறப்படுத்த வேண்டும். பேட்டரி இணைப்பையும் எடுத்துவிட வேண்டும். காலியான டாங்க்தானே என்று அலட்சியம் கூடாது. உள்ளே தங்கிய ஆவி திரவத்தைவிட ஆபத்தானது.

பள்ளத்தைத் தட்டி எடுக்காமல் பட்டியை அப்பி மறைக்கும் வேலை சீக்கிரம் வெடிக்கும். தகடு ஏறக்குறைய மட்டமான பிறகு மெல்லிய பூச்சாகத்தான் பட்டி இருக்க வேண்டும். பட்டி பூசும் முன் வண்டியை ஒரு தடவை நேரில் போய்ப் பாருங்கள். அடையாறு, மயிலாப்பூர் பக்கம் கடற்காற்று உண்டு. வெறும் தகடு ஓரிரவு கிடந்தாலும் துரு ஏறும். அன்றைக்கே பிரைமர் அடிக்கச் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பழைய என்.சி. பெயின்ட் அடித்தால் ஈரம் சேர்ந்து வெண்மை படரும். அவசரம் இல்லாவிட்டால் பெயின்டை மட்டும் தை மாதத்துக்குத் தள்ளிப் போடலாம்.

பின்விளக்கு, பம்பர், டிக்கிக் கதவு முதலியவற்றுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளையும் புதுப்பேட்டையையும் விட்டால் வேறு போக்கிடம் குறைவு. பழைய பாகம் வாங்கினாலும் பில் கேட்டு வாங்குங்கள். பில் இல்லாத பாகம் திருட்டு வண்டியுடையதாக இருந்தால் தொல்லை நமக்கு. மூலப் பம்பர் நெளிந்திருந்தால் வீசிவிடாதீர்கள். நிமிர்த்திக் குரோம் பூச்சு ஏற்றலாம்.

50 வயதைத் தாண்டிய வண்டிகள்

2021-இல் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 ஆண்டைத் தாண்டிய வண்டியை ‘வின்டேஜ்’ என்று தனியாகப் பதிவு செய்யலாம். பாடி, சேசிஸ், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல் மூல வடிவில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பழுது பார்க்கும்போது பின்பகுதியை வேறு மாடலுக்கு மாற்றினால் அந்த வாய்ப்பு கெட்டுவிடும். அப்படிப் பதிவு செய்த வண்டியை அன்றாட ஓட்டத்துக்கோ வியாபாரத்துக்கோ பயன்படுத்தக் கூடாது. தினமும் கடைக்கு எடுத்துப் போகிற வண்டியானால் இதை யோசித்துச் செய்ய வேண்டும்.

இன்னொன்று: கார் கடையின் பெயரில் இருந்தாலும், அதன் பழுதுக்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ள நம்மைப் போன்ற வணிகர்களுக்கு அனுமதி இல்லை. சரக்கு வண்டிக்கு அந்தத் தடை இல்லை. இரண்டு பில்களையும் ஒரே கோப்பில் போட்டு ஆடிட்டரைக் குழப்ப வேண்டாம்.

அடுத்த முறை பாலிசி புதுப்பிக்கும் தேதி வருமுன் மூன்று இடங்களைப் பாருங்கள்: சொந்தச் சேதத்துக்குக் காப்பு இருக்கிறதா, ஐ.டி.வி. எவ்வளவு, நாம் ஏற்க வேண்டிய தொகை எவ்வளவு. மதிப்பு குறைவாகத் தெரிந்தால் மதிப்பீட்டாளரிடம் சான்று வாங்கி, புகைப்படத்தோடு நிறுவனத்தில் பேசுங்கள். ஒரு நிறுவனம் மறுத்தால் இன்னொன்றில் கேளுங்கள். கூடுதலாகச் சில நூறு ரூபாய் பிரீமியம் போகலாம். அப்பா ஓட்டிய வண்டி பழைய இரும்புக் கடைக்குப் போகாமல் இருக்க அது பெரிய செலவு இல்லை.