மிஷனை விட்டு வந்தவர்கள்

சென்ற வாரம் தரங்கம்பாடியில் நிறுத்தியிருந்தோம். 1718-ல் எழுந்த புதிய எருசலேம் ஆலயத்தில் ஒரே கூரையின் கீழ் சாதிவாரியாகப் பிரிந்து உட்கார்ந்து ஆராதனை நடந்த கதை அது. படித்த வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “அவ்வளவு தூரம் கப்பலேறி வந்த வெள்ளைக்காரர்கள் இதைத் தட்டிக் கேட்கவில்லையா?” நியாயமான கேள்வி. பதிலைத் தேட கொள்ளிடத்தைத் தாண்டி வடக்கே, சிதம்பரம், கடலூர் பக்கம் வரவேண்டும்.

1733-ல் தரங்கம்பாடியில் ஆரோன் என்பவர் குருப்பட்டம் பெற்றார். புராட்டஸ்டண்ட் மிஷன் இந்தியர் ஒருவருக்குக் கொடுத்த முதல் பட்டம் அதுதான். ஆரோன் கடலூரில் பிறந்தவர், வேளாளர். ஊர்க்காரர்கள் தாராளமாகப் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். ஆனால் அதே காலத்தில் தஞ்சைப் பகுதியில் ராஜநாயக்கன் என்றொரு உபதேசியார் இருந்தார். தஞ்சை அரசரின் படையிலிருந்து வந்தவர், பறையர். ஊழியத்தில் அவருக்கு நிகராக யாருமில்லை என்று மிஷனரிகளே ஒப்புக்கொண்டார்கள். அடுத்த பட்டம் யாருக்கு என்ற பேச்சு வந்தபோது அவர் பெயரும் வந்தது. சாதிக் கிறிஸ்தவர்கள் அவர் கையால் ராப்போஜனம் வாங்கமாட்டார்களே என்று மிஷனரிகள் தயங்கினார்கள். 1741-ல் பட்டம் தியோகு என்பவருக்குப் போனது. ராஜநாயக்கன் 1771-ல் உபதேசியாராகவே இறந்தார்.

அதாவது கடல் கடந்து வந்த மிஷன் முதலில் கைகோத்தது உள்ளூர் அநியாயத்தோடுதான். ஊரைப் பகைத்துக்கொண்டால் சபை கலைந்துவிடும் என்ற பயம்.

இந்தப் பயத்தைத் தூக்கிப் போட்ட ஒருவரின் பெயர் மேல்பட்டாம்பாக்கத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பண்ருட்டிக்கும் கடலூருக்கும் நடுவே இருக்கும் ஊர் அது. அவர் கார்ல் ஓக்ஸ், ஜெர்மானியர், லைப்சிக் லுத்தரன் மிஷனைச் சேர்ந்தவர்.

அன்றைய நிலவரத்தைக் கொஞ்சம் பார்த்துக்கொள்வோம். 1833-ல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதிக்கு இடமே இல்லை என்று கண்டிப்பாக உத்தரவிட்டார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் பெரும் கொந்தளிப்பு. வேதநாயக சாஸ்திரியார் போன்ற பெரிய கவிஞரே சாதி வழக்கத்துக்கு ஆதரவாக நின்றார். 1850-ல் சென்னை மிஷனரி மாநாடும் சாதியைக் கைவிடாதவருக்குச் சபையில் இடமில்லை என்று முடிவெடுத்தது. அதற்கு உடன்படாமல் தனித்து நின்றது லைப்சிக் மிஷன். அதன் இயக்குநர் கார்ல் கிரௌல் நேரில் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, சாதி சமூகப் பழக்கம், படிப்படியாகத்தான் போகும் என்றார். கிரௌல் சாதாரண ஆளில்லை, குறளை ஜெர்மன் மொழியில் பெயர்த்த தமிழறிஞர். தமிழ் தெரிந்ததால் தமிழ்ச் சமூகத்தின் அநியாயமும் புரிந்துவிடும் என்று சொல்ல முடியாது போலிருக்கிறது.

ஓக்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை. ராப்போஜனப் பந்தியிலேயே பிரித்து நிறுத்தும் சாதியைப் ‘பழக்கம்’ என்று எப்படித் தள்ளிவிடுவது என்று வாதாடினார். 1860-ல் இதைப் பற்றி ஜெர்மன் மொழியில் ஒரு நூலே வெளியிட்டார். மிஷனை விட்டு விலகி மேல்பட்டாம்பாக்கத்தில் தனியாக ஊழியம் தொடங்கினார். கையில் காசில்லை, பின்னால் சங்கமுமில்லை. அப்போது கைகொடுத்தது 1821-ல் தொடங்கப்பட்ட டேனிஷ் மிஷனரி சங்கம். அதற்கு இந்தியாவில் வேறு களம் இல்லை, ஓக்ஸுக்கு வேறு துணை இல்லை. 1860-களில் உண்டான அந்த உறவிலிருந்து வளர்ந்ததுதான், இன்று கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபை. டென்மார்க் உறவு என்றதும் பள்ளிக்கூடமும் விடுதியும்தான் நம் ஆட்களுக்கு நினைவுக்கு வரும். அதன் அடியில் கிடப்பது ஒரு சாதிச் சண்டை.

ஐம்பது ஆண்டு கழித்து அந்த டேனிஷ் மிஷனுக்கே சோதனை வந்தது. இம்முறை கேள்வி சாதியில்லை, வெள்ளை அரசாங்கம்.

ஆன் மேரி பீட்டர்சன் என்ற டேனிஷ் ஆசிரியை 1909-ல் இந்தியா வந்தவர். அவருடைய இளைய தோழி எஸ்தர் ஃபெயரிங். இருவரும் 1917 ஜனவரியில் அகமதாபாத் ஆசிரமம் போய்க் காந்தியைச் சந்தித்தார்கள். எஸ்தருக்கும் காந்திக்கும் கடிதப் போக்குவரத்து தொடங்கியது. அந்தக் கடிதங்கள் பின்னாளில் புத்தகமாகவும் வந்தன. போர்க்காலம் அது. ஜெர்மானிய மிஷனரிகளைப் பிரிட்டிஷ் அரசு கப்பலேற்றி அனுப்பிவிட்டதை டேனிஷ் மிஷன் கண்ணால் பார்த்திருந்தது. காந்தியோடு உறவாடும் பெண்ணால் தங்களுக்கும் அந்தக் கதி வருமோ என்ற அச்சம். அரசு மிஷனை நெருக்கியது, மிஷன் எஸ்தரை நெருக்கியது. எஸ்தர் விலகினார். பிறகு மேனன் என்ற மலையாளி மருத்துவரை மணந்துகொண்டார்.

ஆன் மேரியும் மிஷனை விட்டு வெளியே வந்தார். சிதம்பரத்திலிருந்து கடலூர் போகும் வழியில் பு.முட்லூரில் கிழக்கே திரும்பினால் வரும் பரங்கிப்பேட்டையில், அரசு மானியம் வாங்காத ஒரு பெண்கள் பள்ளியைத் தொடங்கத் துணிந்தார். மானியம் வாங்கினால் அரசு சொன்னபடி பாடம் நடத்த வேண்டும். அது வேண்டாம் என்பது அவர் கட்சி. தாய்மொழியில் படிப்பு, ராட்டையில் நூற்பு, கிறிஸ்தவ நெறி. இம்மூன்றும் ஒன்றாக இருக்க முடியும் என்று அவர் நம்பினார். டென்மார்க்கில் குருண்ட்விக் என்ற பாதிரியார் குடியானவர்களுக்காக வகுத்த கல்விமுறையில் வளர்ந்தவர் என்பதால், ராட்டை அவருக்கு அந்நியமாகப் படவில்லை. 1921 செப்டம்பரில் அடிக்கல் நாட்டியவர் காந்தி. மதுரையில் அவர் அரையாடைக்கு மாறியது அதே பயணத்தில், சில நாள் கழித்து. அந்தப் பள்ளிதான் சேவாமந்திர். இன்றும் நடக்கிறது.

பணம் எங்கிருந்து வந்தது? அதுவும் டென்மார்க்கிலிருந்துதான். மிஷன் தலைமையிடமிருந்து இல்லை. அவரை நம்பிய நண்பர்கள் அங்கே திரட்டி அனுப்பினார்கள். இதில்தான் எனக்கு விஷயம் இருக்கிறது. வெளிநாட்டு உதவி என்றாலே கைக்கூலி என்பவரும், தேவனுடைய ஆசீர்வாதம் என்பவரும் ஒரே தவறைச் செய்கிறார்கள்: யார், எதற்காக, யாரைப் பகைத்துக்கொள்ளத் துணிந்து அனுப்பினார்கள் என்று இருவருமே கேட்பதில்லை.

சிதம்பரத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் கணக்கு நேராகாது. 1916-ல் அங்கே நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கிய சுவாமி சகஜானந்தர் (1890–1959) திண்டிவனத்தில் அமெரிக்கன் ஆற்காடு மிஷன் பள்ளியில் படித்தவர். அவர் கிறிஸ்தவராகவில்லை. நந்தன் பெயரால், நந்தனைத் தடுத்த கோயில் ஊரிலேயே, ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளியும் விடுதியும் நடத்தினார். சட்டமன்றத்திலும் அவர்களுக்காகப் பேசினார். மிஷன் பள்ளியின் வெற்றிகளில் அவரையும் சேர்ப்பேன். மிஷன் அறிக்கைகள் அப்படிச் சேர்க்காமல் போகலாம்.

கத்தோலிக்கரும் இந்தக் கேள்விக்கு வெளியே இல்லை. பழைய தென்னாற்காட்டின் எறையூர், புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்துப் பங்கு. தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்டதில் மூண்ட மோதலில், 2008 மார்ச் 9 அன்று போலீஸ் சுட்டதில் வன்னியக் கிறிஸ்தவர்கள் இருவர் செத்தார்கள். ராஜநாயக்கனுக்குப் பட்டம் மறுத்து இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

சபைக்குள் இப்படி. வெளியேயோ, 1950-ன் குடியரசுத் தலைவர் ஆணை இந்துவல்லாதவரைப் பட்டியல் சாதியினர் அல்ல என்றது. 1956-ல் சீக்கியருக்கும் 1990-ல் பௌத்தருக்கும் திருத்தினார்கள். தலித் கிறிஸ்தவர் இன்னும் வெளியே நிற்கிறார். தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார், அவ்வளவுதான். இதை ஆராய 2022-ல் ஒன்றிய அரசு நீதிபதி பாலகிருஷ்ணன் தலைமையில் ஒரு ஆணையம் அமைத்தது.

அந்த 1950 ஆணையை எதிர்த்துத் தெருவில் இறங்கும் சபைகள் பல உண்டு, இறங்கத்தான் வேண்டும். ஆனால் டில்லியிடம் நியாயம் கேட்கும் வாய் தன் கல்லறைத் தோட்டத்தில் சாதி பிரிக்கும் சுவரைப் பற்றியும் பேச வேண்டும். கடலூர், சிதம்பரம் வட்டாரச் சபைக் கமிட்டிகளில் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெளிநாட்டுப் பங்காளிச் சபைக்கு வருடாந்தர அறிக்கை அனுப்பும்போது, கட்டிய கட்டடங்களின் படத்தோடு, உங்கள் ஊரில் யாரை எங்கே புதைக்கிறார்கள் என்பதையும் ஒரு பத்தி எழுதி அனுப்புங்கள்.

(தொடரும்)